மலரும் கனியும் வரைவித்த மருத்துவர்

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்குச் சான்றோர் ஒருவருடைய வாழ்க்கையை எழுதித் தருமாறு செயலாளர் அவர்கள் பணித்தபொழுது நான் தயங்கினேன். மெட்ரிகுலேஷன் தேறியதோடு படிப்பை நிறுத்தி, இரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்து, பேரேடுகளோடு காலம் கழிப்பவன் நான். புலவர் பெருமக்களைப் பற்றியும் நாட்டுத் தலைவர்களைப் பற்றியும் எழுதத் தக்கவர்கள் நம் குடியிருப்பில் பலர் உளர். ஆதலால் அவர்கள் எடுத்துக்கொள்ளாத ஒருவரை நான் எடுத்துக்கொண்டேன். அவர் தமிழர் அல்லர், இந்தியரும் அல்லர். ஆயினும் அயலார் என்று அவரைத் தள்ளிவிட இயலாது. சென்னையில் உத்தியோகம் ஏற்று, நாகூரில் சில காலம் இருந்து, ஆந்திர நாட்டில் பல ஆண்டுகள் பணியாற்றி, பின்னர்க் கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்து, இங்கே இருபது ஆண்டுகளைக் கழித்தவர் அவர். டாக்குரியாவில் வாழும் நம்மில் பலருடைய வரலாறும் ஏறக்குறைய இதுவே அன்றோ?

அவர்தாம் வில்லியம் ராக்ஸ்பர்க். இந்தியத் தாவர நூலின் தந்தை என்று அறிஞர்கள் அவரைப் போற்றுவர். நம் நாட்டு மலர்களையும் கனிகளையும் 2,500-க்கும் மேற்பட்ட வண்ண ஓவியங்களாக வரைவித்து வைத்துச் சென்ற பெருமை அவருடையது.

கார்டன் ரீச்சில் உள்ள எங்கள் அலுவலகத்துக்கு அண்மையில் ஹூக்ளி ஆறு ஓடுகிறது. எதிர்க்கரையில், நீரோட்டத்தின் வழியே சற்றுக் கீழே நோக்கினால், சிவபூர்த் தாவரத் தோட்டத்தின் மரங்கள் ஒரு பசுந்திரையாகத் தோன்றும். பல ஆண்டுகளாக அதைப் பார்த்து வந்தும் அதன் வரலாற்றை அறிய நான் முயன்றதில்லை. சென்ற பங்குனியில் என் மகள் ஏரிக்கரையில் உதிர்ந்து கிடந்த பலாசம்பூக்களைப் பொறுக்கி வந்தாள். நண்பர் ஒருவரிடம் இரவல் பெற்றிருந்த நூலில் அதே பூவின் பழைய ஓவியம் ஒன்று இருந்தது, எடுத்துக் காட்டினேன். அவள் பூவை ஓவியத்தின் அருகே வைத்துப் பார்த்துவிட்டு, வரைந்தவர் யார் என்று கேட்டாள். முன்னும் பின்னும் புரட்டினேன். வரையச் செய்தவர் பெயர் இருந்தது, வெளியிட்ட ஊரின் பெயர் இருந்தது, ஆண்டு இருந்தது. வரைந்தவர் பெயர் மட்டும் இல்லை. அந்தக் கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து.

இளமையும் கல்வியும்

ராக்ஸ்பர்க் 1751-ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்து நாட்டின் ஏர்ஷயர்ப் பகுதியில் பிறந்தார். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றார். அக்காலத்தில் மருந்துகளிற் பெரும்பாலானவை செடி கொடிகளிலிருந்தே கிடைத்தன. ஆகவே மருத்துவம் பயில்வோர் தாவர நூலையும் பயில வேண்டும். அங்கே அப்பாடத்தைக் கற்பித்தவர் ஜான் ஹோப் என்னும் பேராசிரியர். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் வகுத்த முறைப்படி தாவரங்களை இனம் பிரித்துப் பெயரிடும் கலையை அவரிடம் ராக்ஸ்பர்க் கற்றுத் தேர்ந்தார். பின்னர்க் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் மருத்துவரின் உதவியாளராகச் சில பயணங்கள் செய்தார்.

1776-இல் அவர் சென்னை வந்து கம்பெனியின் மருத்துவப் பணியில் சேர்ந்தார். ஜார்ஜ் கோட்டையில் இருந்த நாட்களில் காற்றின் அழுத்தம், வெப்பம், மழை ஆகியவற்றை நாள்தோறும் அளந்து குறித்து வைக்கத் தொடங்கினார். அக்குறிப்புகள் லண்டன் ராயல் சங்கத்தின் ஏட்டிலும் வெளிவந்தன. மழையை அளக்கும் பழக்கம் மருத்துவருக்கு எதற்கு என்று தோன்றலாம். மழை பொய்த்தால் பயிர் பொய்க்கும். பயிர் பொய்த்தால் நோய் பெருகும். இந்தத் தொடர்பை அவர் இளமையிலேயே உணர்ந்திருந்தார் என்பது அவருடைய பிற்காலச் செயல்களால் விளங்குகிறது.

சோழமண்டலக் கரையில்

சில காலம் அவர் நாகூரில் படைவீரர்களுக்கு மருத்துவராக இருந்தார். அக்கரையில் தாவர ஆராய்ச்சி அப்பொழுதே வேரூன்றியிருந்தது. நாகூருக்கு வடக்கே உள்ள தரங்கம்பாடி அந்நாளில் டென்மார்க் நாட்டாரின் ஆட்சியில் இருந்தது. லின்னேயஸிடம் நேரே பாடங்கேட்ட கோனிக் என்னும் மருத்துவர் 1768-இல் அங்கு வந்து, தென்னாட்டுச் செடி கொடிகளை ஆராயத் தொடங்கியிருந்தார். கோனிக்கும் ராக்ஸ்பர்க்கும் நெருங்கிய நண்பர் ஆயினர். 1785-இல் கோனிக் நோயுற்று ஆந்திரக் கடற்கரையில் உயிர் துறந்தபொழுது அருகிருந்து மருத்துவம் பார்த்தவர் ராக்ஸ்பர்க்கே.

1781-இல் ராக்ஸ்பர்க் சாமல்கோட்டுக்கு மாற்றப்பட்டார். ஊருக்குச் செல்லும் நம் அன்பர்கள் இராஜமகேந்திரபுரத்துக்கு அண்மையில் இந்த இரயில் சந்திப்பைக் கடந்து சென்றிருப்பார்கள். சாமல்கோட்டில் கம்பெனியின் ஆதரவில் அவர் ஒரு தோட்டம் அமைத்தார். மிளகு, காப்பி, இலவங்கப்பட்டை, கரும்பு, பட்டுப்புழுவுக்கு வேண்டிய முசுக்கொட்டை ஆகியவற்றை அங்கே பயிரிட்டுப் பார்த்தார். வெட்பாலை மரத்தின் இலையிலிருந்து நீலச் சாயம் எடுக்கும் முறையையும் ஆராய்ந்து எழுதினார்.

1791-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அப்பகுதியைக் கொடிய பஞ்சம் வாட்டியது. மக்கள் மடிவதை அவர் கண்ணாற் கண்டார். மழை பொய்த்தாலும் உணவு தரத்தக்க தென்னை, பனை, பலா, வாழை முதலியவற்றை ஊர்தோறும் பெருக்க வேண்டும் என்று அவர் கம்பெனியாரிடம் வற்புறுத்தினார். செடி நூல் அவருக்கு ஓய்வுநேர விளையாட்டாக இருந்ததில்லை.

கடல் கொண்ட செல்வம்

இதற்கு முன்பே, 1787-ஆம் ஆண்டில், அவர் வாழ்வில் பேரிழப்பு ஒன்று நேர்ந்திருந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் கோதாவரி முகத்துவாரத்தை ஒட்டிய கடற்கரையில் பெரும்புயல் வீசியது. கடல் பொங்கி ஊருக்குள் புகுந்தது. ராக்ஸ்பர்க் உயிர் தப்பினார். ஆனால் பத்தாண்டுகளுக்கு மேலாகத் தேடித் தொகுத்த உலர்செடிகள், நூல்கள், கைப்பட எழுதிய குறிப்புகள் எல்லாம் நீரில் போயின.

அவர் மனம் தளரவில்லை. மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். 1789-இல் சென்னை மாகாணத்துக்குக் கம்பெனியின் தாவர அறிஞராக நியமிக்கப்பட்டார். இம்முறை செடிகளை உலர்த்தி வைப்பதோடு அவர் நிற்கவில்லை. உலர்ந்த செடியில் நிறம் மாறிவிடும். பூவின் வடிவு குலைந்துவிடும். கனியை உலர்த்தி வைப்பதோ அரிது. நம் நாட்டு ஈரக்காற்றிலும் பூச்சிகளின் நடுவிலும் எஞ்சுவது சிறிதே. ஆகவே இந்நாட்டு ஓவியர்களை அமர்த்தி, செடி புதிதாக இருக்கும்பொழுதே அதன் உருவத்தையும் நிறத்தையும் தாளில் பதிக்கச் செய்தார்.

அவ்வாறு வரைந்த ஓவியங்களில் 500 ஓவியங்களை அவர் குறிப்புகளுடன் லண்டனுக்கு அனுப்பினார். ராயல் சங்கத்தின் தலைவரான ஜோசப் பாங்க்ஸ் அவற்றிலிருந்து 300 ஓவியங்களைத் தேர்ந்தெடுத்தார். அவை செப்புத் தகட்டில் செதுக்கப்பட்டு, வண்ணம் தீட்டப்பட்டு, கோரமண்டல் கரையின் செடிகள் என்னும் பெயருடன் மூன்று பெருந்தொகுதிகளாக வெளிவந்தன. முதற்பகுதி வெளிவந்தது 1795-இல். பணி முடிவுற்றது 1820-ஐ ஒட்டி. செடிகளைக் கிராம மக்கள் தெலுங்கில் எப்பெயரால் வழங்கினரோ, அப்பெயர்களையும் கேட்டறிந்து அந்நூலில் அவர் குறித்திருப்பது கருதத்தக்கது.

கோரமண்டல் என்பது நம் சோழமண்டலமே. வெளிநாட்டார் நாவில் திரிந்த அப்பெயரைத் தாங்கி 1977-இல் ஓடத் தொடங்கிய விரைவு வண்டி இன்று ஷாலிமாரிலிருந்து சென்னைக்குப் புறப்படுகிறது. ராக்ஸ்பர்க் பின்னாளில் வாழ்ந்த தோட்டம் அந்நிலையத்திலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. அவர் வந்த வழியும் நாம் போகும் வழியும் ஒன்றே.

கல்கத்தாவில்

சிவபூர்த் தோட்டத்தை நிறுவியவர் ராபர்ட் கிட் என்னும் படை அதிகாரி. 1786-இல் அவர் விண்ணப்பம் செய்ய, 1787-இல் கம்பெனியார் தோட்டம் தொடங்கினர். 1793-இல் கிட் காலமானார். அவ்வாண்டு இறுதியில் ராக்ஸ்பர்க் சாமல்கோட்டிலிருந்து வந்து அப்பொறுப்பை ஏற்றார். ஆற்றங்கரையில் அவருக்காக எழுப்பிய பெரிய வீடு இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

அடுத்த இருபது ஆண்டுகளில் அவர் ஆற்றிய பணிகளை விரிப்பின் பெருகும். சிலவற்றை மட்டும் கூறுவேன். தேக்கு மரங்களைப் பெருக்கினார். மேலை இந்தியத் தீவுகளின் மகாகனி மரத்தை இங்கே பயிராக்கினார். நார் தரும் செடிகளை ஆராய்ந்து, எந்த நார் எவ்வளவு பாரம் தாங்கும் என்று அளந்து பார்த்தார். வங்காளத்துச் சணல்நாரை 1795-இல் ஜூட் என்னும் பெயரால் குறித்து இலண்டனுக்கு அனுப்பினார். ஹூக்ளியின் இரு கரைகளிலும் பின்னாளில் எழுந்த சணல் ஆலைகளைக் காணும்பொழுது இதை நினைத்துக்கொள்ளலாம்.

அவர் சூட்டிய பெயர்களில் சில நம் அன்றாட வாழ்விலும் கலந்தவை. நம் வீட்டு மகளிர் ஊறுகாய் போடும் மாங்காய் இஞ்சியை இவ்வூரார் ஆம் ஆதா என்பர். அந்த வங்காளச் சொல்லையே சேர்த்து அதற்குக் குர்க்குமா அமாடா என்று இலத்தீன் பெயர் வைத்தவர் ராக்ஸ்பர்க். ஆற்றங்கரை மருதமரத்தின் அறிவியற் பெயரில் அர்ஜுனா என்னும் நம் நாட்டுச் சொல்லை நிலைபெறச் செய்தவரும் அவரே. கவர்னர் ஜெனரலாக இருந்த ஜான் ஷோரின் பெயரைச் சால மரத்துக்கு இட்டார். சீராம்பூரில் பாதிரியாராக இருந்த வில்லியம் கேரி அவருடைய உற்ற நண்பர். செடிகளில் அவரைப் போலவே பற்று மிக்கவர். அவர் பெயரால் ஒரு மர இனத்துக்குக் கரேயா என்று பெயர் சூட்டினார். நாம் ஆயமா என்று கூறுவது அவ்வினத்தைச் சேர்ந்ததே. குளிர்காலத்தில் நம் குடும்பங்கள் மலர்க்கண்காட்சி காணச் செல்லும் அலிப்பூர்த் தோட்டக்கலைச் சங்கத்தை 1820-இல் நிறுவியவர் இந்தக் கேரி அவர்களே.

ஓவியங்களின் இயல்பு

இவற்றுக்கெல்லாம் நடுவே ஓவியப் பணி இடையறாது நடந்தது. செடி ஒன்று தோட்டத்தில் பூத்தாலும், தொலைவிலிருந்து புதிதாக வந்து சேர்ந்தாலும், ஓவியர் அதைப் பார்த்து வரைவர். ராக்ஸ்பர்க் அதன் இலக்கணத்தை எழுதுவார்.

அந்நூற்றாண்டில் மேல்நாட்டில் மலர்களையும் கனிகளையும் வரைவது தனிக்கலையாக ஓங்கியிருந்தது. பிரான்சு நாட்டில் ரோஜா மலர்களை வரைந்து உலகப் புகழ் பெற்றவர் ரெதூத்தே. குவளையில் செருகிய பூக்களையும் தட்டில் அடுக்கிய பழங்களையும் வண்ணத்தைலத்தில் தீட்டி நிலைத்த புகழ் எய்தியவர் அவருக்குப் பின் வந்த ஃபான்தின் லாத்தூர். கல்கத்தா ஓவியங்களில் குவளை இல்லை, தட்டு இல்லை, மேசைவிரிப்பும் நிழல் படிந்த சுவரும் இல்லை. வெற்றுத் தாளின் நடுவே ஒரு கிளை மட்டும் இருக்கும். அதன் இலையின் நரம்பும், பூவின் மடிப்பும், கனியின் தோலும் உள்ளது உள்ளபடி, இயன்றவரை இயற்கை அளவிலேயே அமைந்திருக்கும். அடியில் ஓர் ஓரமாகப் பூவைப் பிரித்து அதன் உறுப்புகளைத் தனித்தனியே காட்டியிருப்பர். கனியைப் பிளந்து வித்தையும் காட்டியிருப்பர்.

பலாசத்தின் ஓவியத்தையே எடுத்துக்கொள்வோம். தமிழில் இம்மரத்தைப் புரசு என்றும் கூறுவோம். வரலாற்றில் பெயர்பெற்ற பலாசி என்னும் ஊர் இம்மரத்தால் பெயர் பெற்றது என்பர். மாசி, பங்குனியில் பலாசம் இலைகளையெல்லாம் உதிர்த்துவிட்டு, மரம் முழுவதும் நெருப்புப் பற்றியதுபோலப் பூத்து நிற்கும். பூ உதிர்ந்த பின்னரே இலை தளிர்க்கும். காய் முற்றுவதற்கு வைகாசி, ஆனி ஆகிவிடும். பூவைக் கண்டு வரைந்தவர் இலைக்காகக் காத்திருக்க வேண்டும். இலையை வரைந்த பின் காய்க்காகக் காத்திருக்க வேண்டும். மரத்தில் ஒரு நாளும் ஒருசேரக் காண முடியாத மூன்றும் தாளில் ஒன்றாகக் கூடுகின்றன. நாம் ஒரு நொடியில் பார்த்துவிடும் அத்தாளில் மூன்று பருவங்களின் பொறுமை அடங்கியிருக்கிறது.

அந்த ஓவியர்கள் கற்ற கல்வி வேறு. அணிற்பிள்ளையின் மயிரால் கட்டிய நுண்ணிய தூரிகையைப் பிடித்து, ஏடுகளில் அரசர்களையும் தேவர்களையும் தீட்டிய பரம்பரைக் கலை இந்நாட்டினது. அக்கலையில் பழகிய கை, அயல்நாட்டுத் தாளில், அயல்நாட்டு அறிஞர் கேட்ட முறையில், புல்லையும் பூண்டையும் வரையக் கற்றுக்கொண்டது. ஆயினும் கோட்டின் உறுதியிலும் வண்ணத்தின் செறிவிலும் பழைய மரபு மறையவில்லை. இலையின் ஓரத்தை அவர்கள் இழுத்திருக்கும் விதத்தைக் கண்டாலே நம் நாட்டுக் கை என்பது புலனாகும்.

ஓவியங்கள் இரு படிகளாக அமைந்தன. ஒரு படி கல்கத்தாவில் இருந்தது. மற்றொன்று இலண்டனுக்குச் சென்று, இன்று கியூ தோட்டத்தில் உள்ளது. ஒருமுறை தம் உழைப்பு அனைத்தையும் கடலுக்குக் கொடுத்தவர் இரண்டு படிகளை இரண்டு கண்டங்களில் வைத்தது பொருத்தமே. கல்கத்தாப் படி இன்றும் சிவபூரில், இந்தியத் தாவரவியல் அளவைத் துறையின் உலர்செடிக் காப்பகத்தில், 35 தொகுதிகளாகப் போற்றப்பட்டு வருகிறது. 1864-இல் வீசிய புயல் அத்தோட்டத்தின் மரங்களைச் சூறையாடியது. 2020-இல் உம்பன் புயலில் பல நூறு மரங்கள் சாய்ந்ததை நாமே அறிவோம். மரங்கள் வீழ்ந்தன, தாளில் பூத்த மலர்கள் வீழவில்லை.

இறுதிக் காலம்

கல்கத்தாவின் காலநிலை ராக்ஸ்பர்க்கின் உடலை வாட்டியது. இடையிடையே நலம் நாடிக் கடற்பயணம் மேற்கொண்டும் பயன் நிலைக்கவில்லை. 1813-இல் அவர் இந்தியாவை விட்டுப் புறப்பட்டார். வழியில் செயின்ட் ஹெலினாத் தீவில் தங்கியபொழுதும் ஓய்ந்திராமல், அத்தீவின் செடிகளுக்கு ஓர் அட்டவணை தொகுத்தார். 1815-இல் எடின்பரோவில் காலமானார்.

அவர் வாழ்நாள் முழுதும் எழுதிய பெருநூலை அச்சில் காணும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. அவர் புறப்பட்டுச் சென்ற மறு ஆண்டில், அதாவது 1814-இல், தோட்டத்தின் சுமார் 3,500 செடிகளின் பட்டியலைக் கேரி சீராம்பூர் அச்சகத்தில் பதிப்பித்தார். இந்தியத் தாவரங்கள் என்னும் அவருடைய பெருநூல் முழுமையாக மூன்று தொகுதிகளில் அதே சீராம்பூரில் அச்சேறியது 1832-இல். அவர் மறைந்து பதினேழு ஆண்டுகளுக்குப் பின்னர். இத்தாமதத்தால் அவருக்கு நேர்ந்த இழப்பு சிறிதன்று. ஒரு செடிக்கு முதலில் முறைப்படி பெயரும் இலக்கணமும் வெளியிட்டவருக்கே அதற்குரிய சிறப்புச் சேரும் என்பது தாவர நூலின் சட்டம். ராக்ஸ்பர்க் முன்னரே கண்டு, வரைவித்து, எழுதி வைத்திருந்த செடிகள் சில, பிறர் இட்ட பெயர்களால் உலகில் வழங்கலாயின. பெயர் நழுவிப்போவதன் துயரத்தை அவரும் ஓரளவு அடைந்தவரே.

பெயர் இல்லாத கைகள்

இனி என் மகளின் கேள்விக்கு வருகிறேன். அந்த 2,500 ஓவியங்களை வரைந்தவர் யார்?

தோட்டத்தில் ராக்ஸ்பர்க்குக்கு நினைவுச் சின்னம் உண்டு. அதில் இலத்தீன் மொழியில் கல்வெட்டும் உண்டு. ஓவியர்களுக்கு அத்தகைய அடையாளம் எதுவும் இல்லை. ஓவியத் தாள்களில் செடியின் பெயரும் வரிசை எண்ணும் காணப்படும். தீட்டியவர் கையொப்பத்தைத் தேடுவோர் பெரும்பாலும் ஏமாறுவர். கிராமத்தார் செடிக்கு இட்ட பெயரைக் கேட்டுக் கேட்டு எழுதிய பெருமகன், தம் அருகே அமர்ந்து அச்செடியை வரைந்தவரின் பெயரை எழுதாமல் விட்டார். எத்தனையோ மரங்களுக்கும் செடிகளுக்கும் பெயர் சூட்டிய வரலாற்றில் இது ஒரு குறையே.

அது அக்கால வழக்கம் என்று கூறி அமைதி கொள்ளலாம். ஆனால் வழக்கம் எல்லாரிடத்தும் அவ்வாறு இருந்ததில்லை. ராக்ஸ்பர்க் கல்கத்தா வருவதற்கு முன்பே, 1777 முதல் 1782 வரை, இதே நகரத்தில் தலைமை நீதிபதி இம்பேயின் மனைவியார் பறவைகளையும் விலங்குகளையும் வரைவித்தார். பாட்னாவிலிருந்து வந்த ஷேக் ஜைனுத்தீன், பவானிதாஸ், ராம்தாஸ் ஆகிய மூவரின் பெயர்களும் அவ்வோவியங்களில் எழுதப்பட்டுள்ளன. ராக்ஸ்பர்க்குக்குப் பின்னர் அத்தோட்டத்தின் தலைவரான வாலிச், 1830 முதல் 1832 வரை இலண்டனில் வெளியிட்ட நூலில் விஷ்ணுபிரசாத், கோராசந்த் என்னும் ஓவியர்களின் பெயர்களைப் படங்களின் கீழ் அச்சிட்டார்.

தமிழ்நாட்டில் நிகழ்ந்தது இன்னும் சிறப்பானது. ராக்ஸ்பர்க்கைப் போலவே ஸ்காத்லாந்திலிருந்து மருத்துவராக வந்த ராபர்ட் வைட், கோயம்புத்தூரில் பருத்தி ஆராய்ச்சியைக் கவனித்துக்கொண்டே, 1838 முதல் 1853 வரை 2,101 படங்கள் கொண்ட செடி நூலைச் சென்னையில் வெளியிட்டார். அவரிடம் முதலில் ரங்கையாவும், பின்னர்க் கோவிந்துவும் ஓவியராக இருந்தனர். வைட் அவர்களுடைய பெயர்களைப் படங்களில் பொறித்ததோடு நில்லாமல், 1853-இல் ஓர் ஆர்க்கிட் மலரினத்துக்குக் கோவிந்துயா என்று தம் ஓவியரின் பெயரையே சூட்டினார். அச்செடி முன்னரே வேறு இனத்தில் அடங்கியது என்று பின்வந்தோர் கண்டதால் அப்பெயர் இன்று ஆட்சியில் இல்லை. ஆயினும் மலரைத் தீட்டியவன் பெயரை மலருக்கே இட வேண்டும் என்று ஒருவர் நினைத்தாரே, அந்த நினைப்பு அழியாது.

இதனால் ராக்ஸ்பர்க்கின் புகழைக் குறைக்க நான் எண்ணவில்லை. அவர் இல்லையேல் அந்தத் தாள்களே இல்லை. நல்ல ஓவியரைத் தேர்ந்து, எதை எவ்வாறு வரைய வேண்டும் என்று காட்டி, ஆண்டுக்கணக்கில் அப்பணியைக் காத்தவர் அவர். எழுத்தனாகிய நான் ஒன்று அறிவேன். ஓர் அறிக்கை உருவாக வேண்டுமாயின் விவரம் திரட்டுபவர் ஒருவர், கணக்குப் பார்ப்பவர் ஒருவர், படியெடுப்பவர் ஒருவர், கையொப்பம் இடுபவர் ஒருவர். பொறுப்பை ஏற்பவரே கையொப்பம் இட வேண்டும். அதில் பிழை ஏதும் இல்லை. ஆனால் நூறு ஆண்டு கழித்து அத்தாளை எடுத்துப் பார்ப்பவருக்கு ஒரே ஒருவர்தாம் வேலை செய்தார் என்று தோன்றிவிடும். அத்தோற்றம் உண்மையன்று. ராக்ஸ்பர்க்கின் அறிவு ஓவியரின் கண்ணைத் தேடியது. ஓவியரின் கண் ராக்ஸ்பர்க்கின் அறிவைத் தேடியது. இரண்டும் கூடிய இடத்தில் பலாசம் பூத்தது. ஒரு பெயர் கல்லில் நின்றது. மற்றவை நீர்மேல் எழுத்தாயின.

நாம் செய்யத்தக்கது

மகளிடம் நான் உண்மையையே கூறினேன். இந்நாட்டு ஓவியர் ஒருவர் வரைந்தார். அவர் பெயரை எழுதி வைக்க வேண்டியவர்கள் எழுதவில்லை என்றேன். அவள் சற்று நேரம் பேசாதிருந்தாள். பிறகு, சங்கத்து விழாவில் வாசலில் பெரிய கோலம் போடுகிறவர்களின் பெயர் மலரில் வருமா என்று கேட்டாள். எனக்கு விடை சொல்ல நா எழவில்லை.

பழைய மலர்களை எடுத்துப் பார்த்தேன். தலைவர், செயலாளர், பொருளாளர், நன்கொடை அளித்தோர், விளம்பரம் தந்தோர் ஆகிய எல்லார் பெயர்களும் முறையாக இருந்தன. கோலமிட்டவர், மாலை தொடுத்தவர், திரைச்சீலை தைத்தவர், விடியற்காலை முதல் அடுப்படியில் நின்று இருநூறு பேருக்குச் சமைத்தவர், பிள்ளைகளுக்கு நாடகம் பயிற்றியவர் ஆகியோர் பெயர்கள் இல்லை. யாரும் வேண்டுமென்று விடவில்லை. எழுத வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவே. ராக்ஸ்பர்க்கிடம் நாம் கண்ட குறை நம்மிடமும் உள்ளது.

இதைச் செயலாளர் அவர்களிடம் விண்ணப்பித்துக்கொண்டேன். அவரும் மகிழ்ந்து இசைந்தார். ஆதலால் இவ்வாண்டு மலரின் கடைசிப் பக்கத்தில் அவர்கள் எல்லாருடைய பெயர்களும் அச்சாகியிருக்கும். அன்பர்கள் அப்பக்கத்தையும் தவறாமல் படிக்க வேண்டுகிறேன்.

வரும் பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சிவபூர்த் தோட்டத்துக்குச் செல்வோம். ஆலமரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல், ஆற்றங்கரை வீட்டையும் நினைவுச் சின்னத்தையும் காட்டுவோம். மருது இது, புரசு இது, ஆயமா இது என்று ஒவ்வொன்றின் தமிழ்ப் பெயரையும் வங்காளப் பெயரையும் சொல்லிக் கொடுப்போம். சென்னையிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு மருத்துவர் இந்த மலர்களையும் கனிகளையும் வரைவித்தார் என்று சொல்லும்பொழுது, வரைந்தவர்களும் இருந்தார்கள் என்பதைச் சேர்த்தே சொல்வோம்.